புதுப்பிப்பு: பினாங்கு–புக்கெட் கப்பலில் சைவச் சாப்பாடும் காட்சி நேரமும்

பினாங்கின் சுவெட்டன்ஹாம் பியர் துறைமுகத்தில் உல்லாசக் கப்பல் ஏறுபவர்களுக்கு, "சைவம் வேண்டுமென்று கப்பலில் சொன்னால் போதும்" என்று முன்பு இங்கே எழுதியிருந்தேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். டிக்கெட் எடுக்கும்போதே ‘இந்திய சைவம்’ என்று பதியுங்கள். வெறும் ‘சைவம்’ என்றால் பெரும்பாலும் பாஸ்தாவும் அவித்த காய்கறியும்தான் தட்டில் வரும். முட்டை, மீன் சாஸ், சிப்பி சாஸ் கூடாது என்பதையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். வதக்கிய கீரையில்கூட சிப்பி சாஸ் இருக்கலாம். முதல் இரவே உணவறை மேற்பார்வையாளரிடம் மறுநாளைக்கும் சொல்லிவையுங்கள், சமையலறைக்கு அவகாசம் வேண்டுமே.

அடுத்தது கடிகாரம். புக்கெட் நேரம் நம் மலேசிய நேரத்துக்கு 1 மணி பின்னால். கைப்பேசி தானாக மாறிவிடும், கப்பல் கடிகாரம் மாறாமல் இருக்கலாம். கைப்பேசியை நம்பி கப்பலின் 8 மணி மேடைக் காட்சிக்குப் போனால் காட்சி முடிந்திருக்கும். தானியங்கி நேரத்தை அணைத்துவிட்டு, கப்பலின் அன்றாட நிகழ்ச்சி அட்டவணையையே பாருங்கள்.

தனியாக வரும் பெரியவர்களுக்குப் பகிர்வு மேசை (மற்ற பயணிகளோடு சேர்ந்து சாப்பிடும் மேசை) கேளுங்கள். பேச்சுத்துணை கிடைக்கும்.