ஆயா வீட்டு வாட்ஸ்அப் குழு: தை அமாவாசைக்கு ராமேஸ்வரம்

மாலா அத்தை: ஆயா போய் மார்கழியோடு வருஷம் முடிகிறது. தை அமாவாசைக்கு ராமேஸ்வரம் என்று காரியத்தன்றே பேசியதுதான். யார் யார் வருகிறீர்கள் என்று ராத்திரிக்குள் சொல்லுங்கள், வண்டி பேச வேண்டும்.

செந்தில் சித்தப்பா: நாங்கள் மூணு பேர்

ரேவதி: லீவு கேட்டுவிட்டுச் சொல்கிறேன்

பிரகாஷ் மெல்போர்ன்: அத்தை, வண்டி பேசிவிடாதீர்கள். அந்த வாரம் நானும் ஊரில் இருப்பேன். கேரவன் எடுத்துக்கொண்டு கடலோரமாகவே போய்விடலாமா?

செந்தில் சித்தப்பா: கேரவனா? நடிகர்கள் மேக்கப் போடுகிற வண்டியா?

ரேவதி: சித்தப்பாவுக்கு டச்சப் நான்

பிரகாஷ் மெல்போர்ன்: சிரிக்காதீர்கள். போன வருஷம் இங்கே கிரேட் ஓஷன் ரோட்டில் நாங்கள் அப்படித்தான் போனோம். 243 கிலோமீட்டர். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் 1919இல் ஆரம்பித்து 1932 வரை கடப்பாரையும் மண்வெட்டியுமாகப் போட்ட சாலை. வண்டிக்குள்ளேயே கட்டில், அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ், 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. ராத்திரி காட்டு முகாமில் நிறுத்திவிடுவோம். கரன்ட் கிடையாது, குழாய் கிடையாது, ஒரு குழிக் கக்கூஸ் மட்டும்தான். ஆனால் விடியற்காலை கதவைத் திறந்தால் எதிரே கடல்! முதல் நாள் அலமாரிக்குக் கொக்கி போட மறந்துவிட்டேன். முதல் ரவுண்டானாவில் திரும்பியதும் சாம்பார்ப் பொடி டப்பா விழுந்து மூடி கழன்று, ஆறு நாளும் மெத்தையில் ஆயா வீட்டு அடுப்படி வாசனை.

மாலா அத்தை: அது நான் அரைத்துக் கொடுத்த பொடி

செந்தில் சித்தப்பா: குழிக் கக்கூஸுக்கு ஆஸ்திரேலியா போகணுமா? ஆயா வீட்டுக் கொல்லையிலேயே இருந்ததே

பெரியப்பா: வண்டிக்குள் போவதெல்லாம் எங்கே போகும்?

பிரகாஷ் மெல்போர்ன்: அப்பா, உட்காருகிற இடத்துக்கு அடியில் சூட்கேஸ் மாதிரி ஒரு பெட்டி. வெளியே இருந்து கதவைத் திறந்து உருவிக்கொள்ளலாம். அதற்கென்றே இருக்கிற இடத்தில் கொட்டிக் கழுவி, மருந்து ஊற்றி, திரும்பச் செருக வேண்டும். பாத்திரம் கழுவுகிற தண்ணீருக்குத் தனித் தொட்டி.

பெரியப்பா: யார் கொட்டுவது?

செந்தில் சித்தப்பா: யோசனை சொன்னவர்

பெரியப்பா: அங்கே கொட்ட இடம் வைத்திருக்கிறான். மரக்காணத்தில் யார் வைத்திருக்கிறார்கள்?

ரேவதி: அதானே

பிரகாஷ் மெல்போர்ன்: அது விசாரிக்கிறேன். முதலில் வழியைப் பாருங்கள். ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி. அங்கே கடலைப் பிடித்தால் அப்புறம் விடவே வேண்டாம். கடலூர், பிச்சாவரம், தரங்கம்பாடி. டேனிஷ்காரர்கள் 1620இல் வந்து கட்டிய கோட்டை கடலைப் பார்த்தபடி நிற்கிறது. மறுநாள் நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் உப்பளம், கோடியக்கரை. தையில் பூநாரை வந்திருக்கும், வெளிமான் பார்க்கலாம். அப்புறம் முத்துப்பேட்டை, மனோரா கோட்டை, தொண்டி, தேவிபட்டினம். ஐப்பசி கார்த்திகை என்றால் புயலுக்குப் பயப்பட வேண்டும், தையில் நல்ல வெயில் இருக்கும். கடைசி ராத்திரி தனுஷ்கோடியில் நிறுத்திவிட்டு விடியற்காலை

பெரியப்பா: தனுஷ்கோடியில் ராத்திரி தங்க விடமாட்டார்கள். இருட்டுவதற்குள் கிளப்பிவிடுவார்கள். 1964 புயலில் போன ஊர் அது.

மாலா அத்தை: தேவிபட்டினத்தில் கடலுக்குள் நவபாஷாண நவக்கிரகம் இருக்கிறது. அங்கேயும் இறங்கணும்

செந்தில் சித்தப்பா: பாலாற்றங்கரைக்காரனுக்கு மூணு நாள் தண்ணீர் தரிசனமா

பெரியப்பா: பாலாற்றிலும் 2021இல் வெள்ளம் வந்தது

செந்தில் சித்தப்பா: ஆமாம், இருபது வருஷத்துக்கு ஒரு தடவை

மாலா அத்தை: பிரகாஷ், அதில் எத்தனை பேர் படுக்கலாம்?

பிரகாஷ் மெல்போர்ன்: நாலு

மாலா அத்தை: நாம் பதினோரு பேர்

பிரகாஷ் மெல்போர்ன்: மற்றவர்களுக்குக் கூடாரம் அடித்துக்கொள்ளலாம் அத்தை

ரேவதி: மணலில் நண்டு வரும் அண்ணா

செந்தில் சித்தப்பா: நானும் பாபு மாமாவும் கூடாரத்தில். சரிதானே மாமா?

பாபு மாமா: சோளிங்கரில் விட்டுவிட்டு வந்தவர்களோடு நான் வரவில்லை

செந்தில் சித்தப்பா: இன்னா மாமா நீங்க, அது நடந்து எத்தனை வருஷம்

பாபு மாமா: சட்டை, பர்ஸ் எல்லாம் வேனில். பனியனோடு டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டில் நின்றேன். வாலாஜா போய்த்தான் எண்ணிப் பார்த்தீர்கள்.

ரேவதி: இந்தத் தடவை சட்டையைப் போட்டுக்கொண்டே இறங்குங்கள் மாமா

பெரியப்பா: எனக்கு முட்டிவலி. ராத்திரி ஏணி ஏறிப் படுக்க முடியாது.

பிரகாஷ் மெல்போர்ன்: உங்களுக்குக் கீழ்க் கட்டில் அப்பா

செந்தில் சித்தப்பா: டெம்போ டிராவலருக்கு எவ்வளவு என்று சும்மா கேட்டு வைக்கவா?

மாலா அத்தை: கேட்டு வை. அவன் கேரவனையும் பார்க்கட்டும்.

பிரகாஷ் மெல்போர்ன்: டெம்போ என்றாலும் கடலோரமாகத்தான் போகணும்

மாலா அத்தை: அது அப்புறம். தர்ப்பணம் முடிகிற வரை கறி, மீன் கிடையாது, இப்போதே சொல்லிவிட்டேன். முதல் நாளைக்குப் புளிச்சோறு கிளறிக் கட்டிவிடலாம்.

செந்தில் சித்தப்பா: திரும்பும்போது நாகப்பட்டினத்தில் மீன்

ரேவதி: நான் முள்ளு கத்திரிக்காய் வாங்கி வருகிறேன், எண்ணெய் நிறைய விட்டு வதக்கினால் ரெண்டு நாள் தாங்கும்

மாலா அத்தை: பதினோரு பேருக்குக் கிளற ஆயாவின் பித்தளை அண்டா இருந்தால் ஒரே தடவையில் முடிந்துவிடும். அது யார் வீட்டுப் பரணில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

ரேவதி: அத்தை

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மாலா அத்தை: என்ன போட்டு அழித்தார்? யாராவது பார்த்தீர்களா?

செந்தில் சித்தப்பா: டெம்போக்காரர் லைனில் இருக்கிறார், பதினோரு பேரா பன்னிரண்டு பேரா?