டி.பி. என்று வீட்டோடு இருக்கிறேன், மனசு தளர்ந்து போகிறது

கேள்வி: கொழிஞ்சாம்பாறை தையல்காரி

வணக்கம். பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்கள் ஊர். வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு ஜாக்கெட், சுடிதார் தைத்துக் கொடுக்கிறேன். சளிப் பரிசோதனையில் டி.பி. என்று வந்துவிட்டது. மாத்திரை ஆரம்பித்தாயிற்று. இருமல் குறைந்திருக்கிறது, பசிகூட எடுக்கிறது. உடம்பை நினைத்து இப்போது அவ்வளவு பயம் இல்லை.

மனசுதான் சரியில்லை. இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளை மாமியார் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார். வீட்டுக்காரர் கள் இறக்குகிறவர். விடிவதற்குள் தோப்புக்குக் கிளம்பிவிடுவார், சாயங்காலம் மறுபடியும் மரம் ஏறவேண்டும். மாமியார் சொல்லிவிட்டுப் போனபடி எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். கழுவினாலும் மற்ற பாத்திரத்தோடு கவிழ்க்கக் கூடாதாம். தைக்கக் கொடுத்திருந்தவர்கள் வெட்டிய துணியை வெட்டியபடியே வாங்கிப் போய்விட்டார்கள். ஒரு அம்மா உள்ளே வராமல் வாசலில் நின்றுகொண்டு, குடைக் கம்பியால் தன் துணிப்பையை இழுத்து எடுத்துக்கொண்டார். அந்தக் குடை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

ராத்திரியில் தூக்கம் இல்லை, பகலெல்லாம் படுக்கை. மகள் போனில் கூப்பிட்டால் பேச்சு வருவதற்குள் அழுகை வந்துவிடுகிறது. ஆஸ்பத்திரியில் இருமல், காய்ச்சல் எல்லாம் மலையாளத்தில் சொல்லிவிடுவேன். இதை மலையாளத்தில் சொல்ல எனக்கு வராது. இப்படி இருந்து மீண்டவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

பதில்: கூடலூர்க்காரன், தேனி மாவட்டம்

தங்கச்சி, எனக்கும் டி.பி. வந்து முழுசாகக் குணமானது. குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டுகிறேன். வீட்டில் கிடந்த நாட்களில் விடிகாலையில் மற்ற ஜீப்புகள் கிளம்பும் சத்தம் கேட்கும். அப்போது ஏதோ நான் மட்டும் உலகத்தை விட்டு விலகிவிட்டது போல் இருக்கும்.

எனக்கு உதவியது மூன்று நாலு விஷயம்தான். முதலில், பகலில் பாயைச் சுருட்டி வைத்துவிடுவேன். தூங்கினாலும் தூங்காவிட்டாலும் ஒரே நேரத்தில் எழுந்து வெளிச்சத்தில் போய் உட்கார்ந்துவிடுவேன். ராத்திரித் தூக்கம் அதற்கப்புறம்தான் மெல்ல மெல்லத் திரும்பியது. மத்தியானம் ரொம்பக் கொடுமை. அந்த நேரத்துக்குக் கோடை பண்பலை 100.5ஐ வைத்துவிட்டு ஏதாவது கைவேலை பார்ப்பேன். மனசு வந்தால் செய்யலாம் என்று காத்திருந்தால் அது வரவே வராது. கையை முதலில் வேலையில் போட்டுவிட வேண்டும்.

பெரிய உதவி என் மைத்துனர். தினமும் வந்து வாசலில் வேப்பமரத்தடியில் உட்காருவார். நான் மாஸ்க் போட்டுக்கொண்டு எதிர்ப்பக்கம் தள்ளி உட்காருவேன். ஊர்க்கதை பேசுவோம், நோயைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் அப்படிச் செய்தோம். வெட்டவெளியில் தள்ளி உட்கார்ந்து பேசலாம் என்று அவரே சொன்னார். டாக்டர் எதைச் செய்யக்கூடாது என்றாரோ அதை மட்டும் விடுங்கள். ஊர் சொன்னதற்காக மற்றதையும் விடாதீர்கள்.

பதில்: ஓய்வுபெற்ற நர்ஸ், சித்தூர், பாலக்காடு மாவட்டம்

கண்ணு, உன் தட்டு விஷயம் படித்ததும் மனசு வலித்தது. அதற்கு அவசியமே இல்லை. டி.பி. காற்றில்தான் பரவும். இருமும்போதும் தும்மும்போதும் பேசும்போதும் வெளியே வரும் கிருமியை, மூடிய அறையில் ரொம்ப நேரம் கூட இருக்கிறவர் சுவாசித்தால் தொற்றலாம். தட்டில், டம்ளரில், துணியில், தொடுவதில் பரவாது. நீ தைத்த ஜாக்கெட்டைப் போடுகிறவருக்கு அதனால் ஒன்றும் வராது. அந்தக் குடைக்காரம்மாவுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

மருந்து வேலை செய்தால் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு வாரம் போல ஆனதுமே பரப்பும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். உன் விஷயத்தில் எப்போது என்று டாக்டர்தான் சொல்லவேண்டும். "என் மகள் எப்போது வீட்டுக்கு வரலாம்?" என்று நேராகவே கேள். எப்போது என்று தெரிந்துவிட்டாலே பாதி பாரம் இறங்கும். மகளையும் வீட்டுக்காரரையும் பரிசோதிக்க வேண்டும், நோய் இல்லையென்றால் தடுப்பு மருந்து தேவையா என்றும் கேட்டுவிடு. அதுவரை ஜன்னலைத் திறந்து வை. நம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைப்போல உனக்கு உதவி வேறு இல்லை.

மாத்திரையை மட்டும் நீயாக நிறுத்தாதே. சாதாரண டி.பி.க்குக் குறைந்தது 6 மாதம். டி.பி. மாத்திரையில் இருக்கும் ஐசோநயசிட் என்ற மருந்து சிலருக்குத் தூக்கத்தையும் மனநிலையையும் குழப்பும், அதனால் தூக்கமின்மையை டாக்டரிடம் கட்டாயம் சொல். அவரோ வேறு டாக்டரோ மனச்சோர்வுக்கு மருந்து எழுதினால், டி.பி. மாத்திரை சாப்பிடுவதை முதலிலேயே சொல்லிவிடு. அதில் இருக்கும் ரிஃபாம்பிசின் என்ற மருந்து வேறு பல மருந்துகளின் வீரியத்தைக் குறைத்துவிடும். நம் பக்கத்தில் "உடம்பு தேறட்டும், கொஞ்சம் கள் குடி" என்பார்கள். வேண்டவே வேண்டாம். இந்த மாத்திரைகளோடு அதுவும் சேர்ந்தால் ஈரல் தாங்காது.

இந்தச் சோர்வும் அழுகையும் இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் இருந்தால் அதற்கும் சிகிச்சை உண்டு, கேட்பதில் வெட்கம் வேண்டாம். 14416 என்பது டெலி மானஸ், அரசாங்கத்தின் மனநல உதவி போன் எண். 2022 அக்டோபரில் ஆரம்பித்தது, காசு கிடையாது, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். உயிரை விட்டுவிடலாமா என்று எப்போதாவது தோன்றினால் விடியட்டும் என்று காத்திருக்காதே. உடனே வீட்டுக்காரரை எழுப்பு, கூடவே அந்த எண்ணுக்கும் போடு.

பதில்: மீனாட்சிபுரம் வாசகி

அக்கா, என் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம் தைக்கணும். டாக்டர் சரி சொன்னதும் இங்கேயே எழுதுங்கள், துணியோடு நான் வருகிறேன்.

கேள்வி கேட்டவர்: கொழிஞ்சாம்பாறை தையல்காரி

எல்லாருக்கும் நன்றி. 14416க்குப் பேசினேன். அந்தப் பொண்ணு தமிழில் பொறுமையாகக் கேட்டது, நான் அழுது முடிக்கிறவரை அவசரப்படுத்தவில்லை. தட்டு விஷயத்தை மாமியாரிடம் நான் சொன்னால் எடுபடாது. ஊர் சுகாதாரப் பணியாளரான ஆஷா அக்கா மாத்திரை பற்றி விசாரிக்க வருவார், அவரையே சொல்லச் சொல்லியிருக்கிறேன். டாக்டரிடம் கேட்கவேண்டியதைச் சீட்டில் எழுதி வைத்துவிட்டேன், மகள் வருவதுதான் முதல் வரி. மீனாட்சிபுரம் சகோதரி, பிள்ளைகளின் அளவு ஜாக்கிரதையாக எடுத்து வையுங்கள், வளர்கிற வயசு, மடிப்பில் கொஞ்சம் துணி விட்டுத் தைக்கிறேன்.