முக்காலியில் திரும்புகிற நம் ஆறு

சங்கத்து உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

ஊருக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. வாய்க்காலில் குளித்துவிட்டுக் கரையேறிய மகள், "இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டாள். வழக்கமாக நாம் பவானிசாகர் அணையைக் காட்டுவோம். எனக்கு அது போதவில்லை. ஆனைகட்டி வழியாக அட்டப்பாடிக்குள் நுழைந்து, அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டின் வாசலில் இருக்கும் முக்காலிக்கு அவளை அழைத்துப்போய் ஓர் இரவு தங்கினேன்.

நீலகிரியில் பிறந்து கேரளத்துக்குள் இறங்கும் பவானி, அங்கேதான் சட்டென்று வடகிழக்கே வளைகிறது. வளையாமல் போயிருந்தால் மேற்கே ஓடி அரபிக் கடலில் கலந்திருக்கும். கீழ்பவானி வாய்க்காலும் இல்லை, அப்பாரு காலத்து மஞ்சள் வயலும் இல்லை. அந்த வளைவைப் பார்த்து நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்தது. ஐம்பது வயது வரை இதைப் பார்க்காமல் இருந்துவிட்டேனே!

மறுநாள் காலை வனத்துறை அனுமதியுடன் ஜீப்பில் காட்டுக்குள் இருக்கும் சைரந்திரிக்குப் போனோம். சுமார் 23 கிலோமீட்டர் காட்டுப் பாதை. வழிகாட்டியாக வந்தவர் பக்கத்து ஊரைச் சேர்ந்த முடுகர் பழங்குடி இளைஞர். வெடிப்பலா மரத்தைக் கண்டதும் ஜீப்பை நிறுத்தச் சொன்னார். சிங்கவால் குரங்குகள் பெரிதும் நம்பியிருப்பது அந்த மரத்தைத்தான் என்றார். சற்று நேரம் பேசாமல் இருக்கச் சொன்னார். மேலே கிளை அசைந்தது, வெண்பிடரி தெரிந்தது. மகள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

சைரந்திரிக்குக் கீழே ஓடுவது குந்திப்புழை. அதன் குறுக்கே மின்சாரத்துக்காக அணை கட்ட 1970-களில் திட்டம் இருந்தது. பள்ளி ஆசிரியர்களும், சுகதகுமாரி போன்ற கவிஞர்களும், அறிவியலாளர்களும் ஊர் ஊராகப் பேசி, எழுதித் தடுத்தார்கள். 1984-இல் அந்தக் காடு தேசியப் பூங்காவானது. அவர்களில் பெரும்பாலோர் அந்தக் காட்டில் வாழ்ந்தவர்கள் அல்லர் என்பதுதான் என் மனத்தைவிட்டு அகலவில்லை.

ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு நம் ஊர்ப் பள்ளிக்குச் சங்கம் தரும் தொகையில் ஒரு பகுதியை, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை முக்காலிக்கு அழைத்துச்செல்ல ஒதுக்கலாமா? முன்பதிவு செய்ய வேண்டும். மழைக்காலத்தில் அட்டைத் தொல்லை அதிகம், அந்தக் காலத்தைத் தவிர்த்துவிடலாம். சம்மதம் உள்ளவர்கள் உடனே எழுதுங்கள். தலைமையாசிரியரிடம் நேரில் பேச, இன்னும் பத்து நாள் நான் ஊரில்தான் இருக்கிறேன்.