வீடற்ற இளையோருக்காக மாரத்தான் ஓடியவர்கள்: உங்களை இன்னும் விடாத ஒரு சந்திப்பைப் பற்றி எழுதுங்கள்

அடையாற்று ஓட்டக்காரன்

ஜனவரி ஓட்டத்துக்கு முந்தைய கடைசி நீள்பயிற்சியின்போது, பொழுது விடியுமுன் மெரினா கடற்கரையில் உழைப்பாளர் சிலைக்கு எதிரே தண்ணீர் குடிக்க நின்றோம். மணற்பக்கத்துக் குட்டைச் சுவரில் படுத்திருந்த ஓர் இளைஞன் எழுந்து வந்து, என் சட்டை முதுகில் அச்சிட்டிருந்த ‘வீடற்ற இளையோருக்காக’ என்ற வரியை உரக்கப் படித்தான். “அண்ணா, இது எங்களுக்கா?” என்று கேட்டான். நாங்கள் திரட்டும் பணம் வடசென்னையில் உள்ள ஒரு சிறுவர் இல்லத்துக்குப் போகிறது என்றும், அங்கே 18 வயது வரை பிள்ளைகளைத் தங்கவைத்துப் படிக்கவைக்கிறார்கள் என்றும் விளக்கினேன். அவன் சற்று யோசித்துவிட்டு, “அப்ப எனக்கு வயசு தாண்டிடுச்சுல்ல?” என்றான்.

அவனும் ஓர் இல்லத்தில் வளர்ந்தவன்தான். 18 முடிந்ததும் வெளியே வந்தவன், காசிமேட்டில் ஐஸ் ஏற்றும் வேலைக்குப் போகிறான், தூங்குவதற்குத்தான் இடமில்லை. கேள்வியில் கோபமோ குறையோ இல்லை. பேருந்து போய்விட்டதா என்று கேட்பவரின் குரல்தான் அதில் இருந்தது. 42.195 கிலோமீட்டரையும் ஓடி முடித்தேன், நினைத்த தொகையும் சேர்ந்தது. ஆனால் அந்த வயதுக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களுக்காக யார் ஓடுகிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

பெரம்பூர்வாசி

நீங்கள் சொல்லும் வயதுக்காரர்களுக்காகவே நாங்கள் ஓடினோம் என்பதால் எழுதுகிறேன். இல்லத்தை விட்டு வெளியேறுபவர்களுக்கு அறை வாடகைக்கான அட்வான்ஸ் கொடுப்பது எங்கள் திட்டம். பணம் கையில் இருந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் வேலை பார்க்கும் ஒரு தம்பிக்காக வீடு பார்க்கப் போயிருந்தோம். வீட்டுக்கார அம்மா சாவியைக் கொடுத்து, அவன் அறையைச் சுற்றிப் பார்த்து, மின்விசிறியைப் போட்டு நிறுத்தி, எல்லாம் முடிந்த பிறகு, ஒப்பந்தத்தில் எழுதுவதற்காக “அப்பா பேரு என்னப்பா?” என்று கேட்டார். “அம்மா பேரு மட்டும் எழுதலாமாம்மா?” என்று அவன் கேட்டதும், எங்கே வளர்ந்தாய், யாரிடம் இருந்தாய் என்று விசாரித்தவர், பதில்களைக் கேட்டுவிட்டுச் சாவிக்காகக் கையை நீட்டினார். “தப்பா நினைக்காதீங்க, குடும்பமா இருக்கறவங்களுக்குத்தான் விடறது” என்றார்.

அவன் உடனே கொடுத்துவிடவில்லை. சாவியைச் சட்டை நுனியால் ஒருமுறை துடைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். அந்தத் துடைப்பை என்னால் மறக்க முடியவில்லை. பின்னர் கொரட்டூரில் இடம் கிடைத்தது, நன்றாக இருக்கிறான். இருந்தாலும், நிதி திரட்டுபவர்கள் தொகையைப் பற்றியே பேசுகிறோம். அந்தத் தொகையை வாங்கிக்கொள்ள ஒரு வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும் என்பதைப் பற்றிப் பேசுவதில்லை.

மயிலைக் கணக்கர்

அடையாற்று நண்பர் எழுதியதைப் படிப்பவர்கள் 18 வயதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் 46ஆம் பிரிவு, இல்லத்திலிருந்து வெளியேறுபவருக்குப் பிற்கால உதவி வழங்க இடம் தருகிறது. 2016 மாதிரி விதிகளின்படி அது 21 வயது வரையிலும், தேவைப்படும் சிலருக்கு மேலும் 2 ஆண்டுகளுக்கும் நீளலாம். அந்த இளைஞரிடம் இதைச் சொல்லியிருக்கலாம்.

என் அனுபவம் சிறியது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டம் முடியும் இடத்தில் பழம் விநியோகித்துக்கொண்டிருந்த ஒரு சிறுவன், என் கைப்பேசியில் நன்கொடைப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, “சார், இதுல என் மூஞ்சி வேணாம் சார், எங்க கிளாஸ்ல பாத்துடுவாங்க” என்றான். பக்கத்தை நடத்தியவர்களிடம் சொல்லி அவன் படத்தை அன்றே நீக்கவைத்தோம். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், பள்ளி, படம் ஆகியவற்றை ஊடகத்தில் வெளியிடுவதை அதே சட்டத்தின் 74ஆம் பிரிவு தடைசெய்கிறது. முகம் தெரிந்தால்தான் பணம் வரும் என்று வாதிடுபவர்களுக்கு என்னிடம் வேறு பதில் இல்லை.

அடுத்த ஆண்டு திரட்டப்போகிறவர்களுக்குச் சில செய்திகளையும் சொல்லிவிடுகிறேன். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தரும் நன்கொடைக்கு வருமானவரிக் கழிவு (80ஜி என்று அறியப்படுவது) கிடையாது. ஆகவே அலுவலகத்தில் உண்டியல் சுற்றுவதைவிட, அறக்கட்டளையின் வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்பச் சொல்லுங்கள். புதிய வருமானவரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு அந்தக் கழிவே இல்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் மார்ச்சில் மனத்தாங்கல் வராது. வெளிநாட்டு உறவினர்களிடம் கேட்கும்போது அவர்களுடைய கடவுச்சீட்டு எந்த நாட்டுடையது என்று பாருங்கள். இந்தியக் குடிமகனாகவே இருந்து, வெளிநாட்டில் ஈட்டிய சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது அயல்நாட்டு நிதியாகக் கருதப்படாது. அயல்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவருடைய பணத்தை, அயல்நாட்டு நிதி பெறுவதற்கான பதிவோ முன் அனுமதியோ உள்ள அமைப்பு மட்டுமே, புதுதில்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள தனிக் கணக்கு வழியாகப் பெற முடியும். நல்ல நோக்கத்தோடு உங்கள் சொந்தக் கணக்கில் வாங்கி மாற்றிவிடலாம் என்று எண்ணாதீர்கள். சிக்கல் உங்களோடு நிற்காமல் இல்லத்தையும் சேரும்.

அரக்கோணம் அக்கா

கணக்கர் ஐயாவின் விவரங்கள் பயனுள்ளவை. ஆனால் சட்டத்தில் இருப்பதை அந்தத் தம்பியிடம் சொல்லியிருக்கலாம் என்று எழுதியது எனக்கு ஏற்புடையதாக இல்லை. ‘வழங்கலாம்’ என்ற ஏற்பாட்டை நம்பி, கடற்கரைச் சுவரில் படுத்திருப்பவன் எந்த அலுவலகத்தின் படியை எந்த முகவரியோடு ஏறுவான்? இல்லத்தின் பதிவேட்டில் ஒருநாளும் பெயர் ஏறாதவர்களுக்கு அந்தப் பிரிவால் என்ன பயன்?

முழு மாரத்தான் நேப்பியர் பாலத்தில் அதிகாலை 4 மணிக்குத் தொடங்கும் என்பதால், நான் இரவு ரயிலிலேயே சென்ட்ரலுக்கு வந்து பெண்கள் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்தேன். சட்டையில் எண் அட்டையை ஊக்கு குத்திக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்த பெண் பார்த்துக்கொண்டே இருந்தாள். பத்தொன்பது இருபது வயதிருக்கும். “இவ்ளோ தூரம் ஓடுனா காசு குடுப்பாங்களாக்கா?” என்று கேட்டாள். இல்லை, நாம்தான் கட்டணம் கட்ட வேண்டும் என்றேன். வீடில்லாத பிள்ளைகளுக்காக மற்றவர்களிடம் பணம் திரட்டித்தான் ஓடுகிறேன் என்றும் சொன்னேன். அவள் தன் மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “எனக்கு வீடு இருக்குக்கா, ரயிலுக்குத்தான் வெயிட் பண்றேன்” என்றாள். நான் கேட்கவே இல்லை. அவள் விரலிடுக்கில் ஒரு பயணச்சீட்டு கசங்கிப்போயிருந்தது. அந்த அறையில் உட்கார்ந்திருக்க அது ஒரு சாக்கு. சுத்தம் செய்ய வந்த அம்மாவிடம் கேட்டேன். “தெனம் ஒரு டிக்கெட் எடுத்துட்டு வந்து உக்காருது பாவம்” என்றார்.

இங்கே மூவரும் எழுதியிருப்பது ஆண்பிள்ளைகளைப் பற்றி. குறை சொல்லவில்லை, கண்ணில் படுபவர்கள் அவர்கள்தான். பெண்பிள்ளைகள் கண்ணில் படாமல் இருப்பதையே ஒரு வேலையாகச் செய்தால்தான் அந்த இரவைக் கடக்க முடியும். 18க்கு உட்பட்டவராக இருந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைத்திருப்பேன். அவளிடம் மாநகராட்சியின் வீடற்றோர் காப்பகங்களில் பெண்களுக்கானவை இருப்பதைச் சொல்லி, என் எண்ணையும் எழுதிக்கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள், அழைக்கவில்லை. அவளைப் போன்றவர்களுக்குப் பணம் போய்ச்சேர வேண்டுமானால், வீடில்லை என்று அவர்கள் வாயால் சொல்லவைக்காத ஒரு பெண்கள் விடுதிக்கு அது போக வேண்டும்.

அடையாற்று ஓட்டக்காரன்

அக்கா சொல்வதை எங்கள் குழுவில் வைத்துப் பேசுகிறேன். இந்த ஆண்டு திரட்டுவதில் பாதியை 18 கடந்தவர்களுக்கு ஒதுக்கலாம் என்று ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பெரம்பூர் நண்பரே, கொரட்டூர் ஒப்பந்தம் யார் பெயரில் எழுதப்பட்டது?

பெரம்பூர்வாசி

11 மாத ஒப்பந்தம், தம்பியின் பெயரில். அறக்கட்டளை பொறுப்பேற்பு மட்டும் கொடுத்தது. 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் முன்பணத்துக்கு 3 மாத வாடகையைப் பொதுவரம்பாகச் சொன்னாலும், நம் ஊரில் அதைவிடக் கூடுதலாகத்தான் கேட்பார்கள், பேசிக் குறைத்தோம். அவன் காலி செய்யும்போது அட்வான்ஸ் அறக்கட்டளைக்குத் திரும்பி, அடுத்து வெளியே வருபவருக்குப் போகும் என்று தனியாக எழுதி வாங்கிக்கொண்டோம். தந்தை பெயர் கேட்ட இடத்தில் அம்மா பெயரை எழுதினோம். அந்த வீட்டுக்காரர் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.