ஆசம்-கோ பட்டியலைப் பார்த்து ரவுட்டர் எடுக்கலாமா?

மடைவாய்:
கோ மொழியில் ஒரு சின்ன பேக்எண்ட். பதினைந்து எண்ட்பாயிண்ட், போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ், பின்னணி வேலைகளை வரிசையில் ஓட்ட ஒரு ஜாப் க்யூ. கிட்ஹப்பில் ஆசம்-கோவை (கோ லைப்ரரிகளின் பட்டியல்) திறந்தால் ரவுட்டர் (வரும் ரிக்வெஸ்டை உரிய ஃபங்ஷனுக்கு அனுப்பும் லைப்ரரி) பகுதி நீண்டுகொண்டே போகிறது, எல்லாவற்றுக்கும் "வேகமானது, எளிமையானது" என்ற அதே வரிதான். பட்டியலில் இருந்தாலே தரம் பார்த்துச் சேர்த்ததாக நம்பலாமா? ஸ்டார் அதிகம் உள்ளதை எடுத்தால் போதுமா?

செக்போஸ்ட்:
சேர்க்கும்போது பார்க்கிறார்கள். முதல் கமிட்டுக்குப் பின் 5 மாதமாவது ஆகியிருக்க வேண்டும், ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ் வேண்டும், டெஸ்ட் வேண்டும். அது கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளிப்பது மாதிரி. உள்ளே போனவர் அப்புறம் என்ன செய்கிறார் என்று யாரும் எப்போதும் பின்னாலேயே போய்க்கொண்டிருப்பதில்லை. வரிசையும் அகரவரிசை, மேலே இருப்பதால் உசத்தி இல்லை.

ஸ்டாரை நம்பாதீர்கள். போட்டவர் யாரும் திரும்பி வந்து எடுப்பதில்லை. கொரில்லா மக்ஸ் என்ற பிரபல ரவுட்டர் 2022 டிசம்பரில் ஆர்க்கைவ் ஆனது (பராமரிப்பு நின்றது), 2023 ஜூலையில் புது மெயின்டெய்னர்களோடு திரும்பி வந்தது. ஸ்டாரை மட்டும் பார்த்தவருக்கு இது இரண்டுமே தெரிந்திருக்காது.

நான் பார்ப்பது மூடிய இஷ்யூக்களை. கடைசிப் பத்தைத் திறங்கள். ஆள் பதில் சொல்லி மூடியதா, "நாளாகிவிட்டது" என்று பாட் மூடியதா? பத்தும் பாட் மூடியதென்றால் அந்த ரெப்போவில் ஆள் இல்லை. கமிட் தேதியிலும் ஏமாறலாம்: டிபெண்டாபாட் (சார்பு லைப்ரரிகளைத் தானே புதுப்பிக்கும் பாட்) மட்டும் கமிட் தள்ளிக்கொண்டிருந்தாலும் ரெப்போ புதிதாகவே தெரியும். பிகேஜி.கோ.டெவ் தளத்தில் "இம்போர்ட்டட் பை" (எத்தனை பேக்கேஜ் இதைப் பயன்படுத்துகிறது) எண்ணிக்கையையும் பாருங்கள், ஸ்டாரைவிட அது எவ்வளவோ மேல்.

நூல்கண்டு:
பதினைந்து எண்ட்பாயிண்டுக்கு ரவுட்டரே எதற்கு? கோ 1.22-லிருந்து (2024 பிப்ரவரி) ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் உள்ள ரவுட்டரான சர்வ்மக்ஸே கெட், போஸ்ட் மாதிரி மெத்தடையும் பாதைக்குள் வரும் ஐடியையும் பிரித்துக்கொள்ளும். இதை எந்தப் பட்டியலும் சொல்லாது. பட்டியல் என்றால் வெளி லைப்ரரிகளுக்குத்தானே.

ஒரு கண்ணி இருக்கிறது. கம்பைலர் புதிதாக இருந்தாலும் கோ.மோட் கோப்பில் 1.21 என்ற வரி அப்படியே இருந்தால் மக்ஸ் பழைய விதப்படிதான் ஓடும். பில்டில் எர்ரர் வராது, புது விதத்தில் எழுதிய பாதைகளுக்கு வரும் ரிக்வெஸ்டுக்கெல்லாம் 404 வரும். அந்த வரியை 1.22-க்கு ஏற்றினால் சரியாகிவிடும்.

மிடில்வேரை (ஹேண்ட்லருக்கு முன் ஓடும் லாகின் சோதனை, லாக் மாதிரியான கோட்) குழுக்குழுவாக மாட்ட வேண்டுமென்றால் சை (chi) என்ற ரவுட்டரை எடுங்கள். ஸ்டாண்டர்ட் ஹேண்ட்லரையே வாங்கிக்கொள்கிறது, நாளை கழற்றுவதும் சுலபம். ஃபைபர் என்ற இன்னொன்று, ஸ்டாண்டர்ட் எச்டிடிபி லைப்ரரிக்குப் பதில் ஃபாஸ்ட்எச்டிடிபி மேல் கட்டியது. ஸ்டாண்டர்ட் மிடில்வேர் அடாப்டர் இல்லாமல் அதில் உட்காராது.

மடைவாய்:
சர்வ்மக்ஸே போதும் போலிருக்கிறது, நன்றி. க்யூவுக்கு? ஏசிங்க், ரிவர் இரண்டும் கண்ணில் பட்டன.

நூல்கண்டு:
ஏசிங்குக்கு ரெடிஸ் (தனியாக ஓட்ட வேண்டிய மெமரி டேட்டாபேஸ்) வேண்டும். ரிவர் போஸ்ட்கிரஸிலேயே ஓடும், உங்களிடம் அது ஏற்கெனவே இருக்கிறது. ஆர்டரைச் சேமிக்கும் அதே டிரான்சாக்ஷனில் ஜாபையும் போடலாம். ரோல்பேக் ஆனால் ஜாபும் போய்விடும். ரெடிஸ் தனியாக இருந்தால், ஆர்டர் பதிவாகாமலேயே மெயில் போகிற வாய்ப்பை நீங்கள்தான் அடைக்க வேண்டும். உங்களுக்கு ரிவர்.

செக்போஸ்ட்:
எடுத்த பிறகு கோவல்ன்செக் (govulncheck, கோவின் பாதுகாப்புச் சோதனைக் கருவி) ஓட்டிப் பாருங்கள். உங்கள் கோட் உண்மையில் கூப்பிடும் ஃபங்ஷனில் ஓட்டை இருக்கிறதா என்று பிரித்துச் சொல்லும், வீண் கூச்சல் குறைவு.

பட்டியலில் ஒரு பகுதி முழுவதையும் மொத்தமாக வடிகட்ட நினைத்தால் கிட்ஹப் ஏபிஐயில் ஒவ்வொரு ரெப்போவுக்கும் ஆர்க்கைவ் ஆனதா, லைசென்ஸ் என்ன என்பது வந்துவிடும். டோக்கன் இல்லாமல் மணிக்கு 60 அழைப்புதான், டோக்கன் போட்டால் 5,000. அதில் வரும் ஓப்பன் இஷ்யூ எண்ணிக்கையில் புல் ரிக்வெஸ்டும் சேர்ந்தே இருக்கும், அதை வைத்து எதையும் கழித்துவிடாதீர்கள்.