ஜான்சி ராணி படை உண்மையில் என்ன செய்தது?

கேள்வி:
எங்கள் அப்பத்தாவின் அக்கா மலாயாத் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) பெண்கள் பிரிவான ஜான்சி ராணி படையில் சேர்ந்து பர்மாவின் ரங்கூன் வரை போனார். "அணிவகுப்புக்காக வைத்திருந்த படை அது, சண்டையே போடவில்லை" என்கிறான் என் சித்தப்பா மகன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1:
என் அம்மாச்சியும் அந்தப் படையில் இருந்தவர், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூரில் அறிவித்தார், அக்டோபர் 22-இல் முகாம் திறந்தது. தலைமை சென்னை டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள், பலர் இந்தியாவைக் கண்ணால் பார்த்ததே இல்லை. துப்பாக்கி, பயோனெட் (துப்பாக்கி முனைக் கத்தி), நீண்ட நடை எல்லாம் பயிற்சியில் உண்டு. ஆணைகள் இந்துஸ்தானியில். தமிழ் மட்டுமே தெரிந்த அம்மாச்சி கடைசிவரை அந்த ஆணைகளை மறக்கவில்லை.

1944-இல் பர்மாவுக்குப் போனார்கள். ரங்கூனில் ஒரு முகாம், வடக்கே மேம்யோவில் ஒரு பிரிவு. ஆங்கிலேயர் கையிலிருந்த மணிப்பூரின் இம்பாலுக்குள் நுழையக் காத்திருந்தபோதே, அந்தப் போரில் ஜப்பானியரும் ஐ.என்.ஏ.வும் தோற்றுவிட்டார்கள். மழையில், மலேரியாவோடும் வயிற்றுப்போக்கோடும் திரும்பிய வீரர்களை மேம்யோ மருத்துவமனையில் இவர்கள்தான் பார்த்துக்கொண்டார்கள்.

உங்கள் தம்பி சொல்வதில் பாதி சரி, இம்பால் போர்முனையில் அவர்கள் இறக்கப்படவில்லை. ஆனால் 1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டுப் பாங்காக் நோக்கிப் பின்வாங்கியது? மேலே விமானத் தாக்குதல், அதனால் பெரும்பாலும் இரவு நடை, வழியில் சித்தாங் ஆறு. நேதாஜியும் கூடவே வந்தார். அதைப் படைப்பணி என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது? எனக்கு இதில் கோபமே வரும்.

பதில் 2:
ஜானகி தேவரைப் பற்றியும் படியுங்கள். கோலாலம்பூர்க்காரர், படையில் லட்சுமிக்கு அடுத்த பொறுப்பில் இருந்தவர். பின்னாளில் மலேசிய மேலவை உறுப்பினர் ஆனார். 2000-இல் இந்திய அரசு பத்மஸ்ரீ கொடுத்தது.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி அண்ணா. பெரியப்பத்தா பெயரை ஆவணங்களில் தேட முடியுமா?

பதில் 1:
டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் ஐ.என்.ஏ. கோப்புகள் இருக்கின்றன. சிங்கப்பூர் ஆவணக் காப்பகத்தில் வாய்மொழிப் பதிவுகளும் உண்டு. அதற்கு முன்னால் அவர் எந்தத் தோட்டம், எந்த முகாம் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவையுங்கள். பெயரைப் பல மாதிரி எழுதியிருப்பார்கள், எல்லா எழுத்துக்கூட்டலிலும் தேடுங்கள்.