சமைக்கப் பிடிக்காதவர்களே, மனசுக்கு இதமாக இருந்த அந்த ஒரு சாப்பாட்டைச் சொல்லுங்கள்

அரைவேக்காடு:

சமையல் பிடித்தவர்கள் கோபித்துக்கொள்ளாமல் நகர்ந்துவிடுங்கள். அடுப்பைப் பற்றவைக்கும்போதே 'எப்போதுடா முடியும்' என்று யோசிக்கிறவர்களுக்கான இடம் இது.

எனக்குக் காய்ச்சல் அடித்துக்கொண்டிருந்த நேரம். என் அறைத்தோழிக்கு என்னைவிடச் சமையல் ஆகாது. வெங்காயம் நறுக்க வேண்டும் என்று தெரிந்தாலே வெளியில் வாங்கிக்கொள்ளலாம் என்று முடிவு செய்கிற ரகம். அன்றைக்கு அவளாகவே அரிசி வைத்தாள். தண்ணீர் சுண்டி, மேலே ஓட்டை ஓட்டையாகத் தெரிகிற பதத்தில் கரண்டியால் ஒரு குழி பறித்து, அதில் முட்டையை உடைத்து ஊற்றி மூடினாள். உப்பு, மிளகுத்தூள், கொஞ்சம் வெண்ணெய். அவ்வளவுதான். உங்களில் பாதிப் பேர் செய்திருப்பீர்கள்.

எனக்கு மறக்காதது அந்தச் சோறு இல்லை. நடுவில் ஒரு தடவை மூடியைத் திறந்தாள். ஓரமெல்லாம் வெளுத்துவிட்டது, மஞ்சள்கருவைச் சுற்றி மட்டும் ஒரு வளையம் இன்னும் வழவழவென்று தெளிவாக இருந்தது. கரண்டியின் முதுகால் அதை லேசாகத் தொட்டுப் பார்த்தாள். "இன்னும் கொஞ்சம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி மூடினாள். பால் பொங்கி வழிந்தாலும் போனிலிருந்து தலையைத் தூக்காதவள், அடுப்புக்கு முன்னால் கைகட்டி நின்றாள். நான் அழவில்லை. காய்ச்சலில் கண் எரிந்தது.

நான் செய்தால் முட்டை ரப்பராகிறது, இல்லையென்றால் ஒழுகுகிறது. அது கிடக்கட்டும், உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

இரவுப்பணி:

'டக்' என்ற சத்தம் இல்லாவிட்டால் நான் பட்டினிதான். ரைஸ் குக்கரைச் சொல்கிறேன்.

வேலையிடத்தில் எல்லார் முன்னாலும் திட்டு வாங்கிய ராத்திரி. வீட்டுக்கு வந்து அரிசி, தோலோடு நறுக்கிய உருளைக்கிழங்கு, உரிக்காத பூண்டு ஒரு கைப்பிடி, உப்பு, ஒரு டின் மீன், எல்லாவற்றையும் போட்டுப் பொத்தானை அமுக்கிவிட்டு, பக்கத்திலேயே தரையில் சாய்ந்தவன் தூங்கிப்போனேன். 'டக்' கேட்டு விழிப்பு வந்தது. திறந்து ஒரு பூண்டுப் பல்லை விரலால் அமுக்கினேன். தோலை விட்டு வழுக்கிக்கொண்டு முழுசாக வெளியே வந்து சோற்றில் விழுந்தது. நாக்கில் வைத்தால் காரமே இல்லை, ஒரே இனிப்பு. ஒவ்வொன்றாக அமுக்கி அமுக்கிச் சாப்பிட்டேன். அந்தத் திட்டு பாதி அதிலேயே இறங்கிவிட்டது.

அந்தச் சத்தத்தில் மந்திரம் ஒன்றும் இல்லை. பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும் வரை சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். அரிசி தண்ணீரைக் குடித்து முடித்ததும் அடியில் சூடு விறுவிறுவென்று ஏறும், ஸ்விட்ச் விழுந்துவிடும். 1955-ல் ஜப்பானின் தோஷிபா நிறுவனம் தானாக அணையும் மின் குக்கரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. என்னைக் கேட்டால் அந்த நூற்றாண்டின் பெரிய சாதனை அதுதான், ராக்கெட் எல்லாம் அப்புறம்.

மிச்சத்தைக் குக்கரை அணைத்து அப்படியே விட்டுவிட்டுப் படுத்தேன். மறுநாள் மதியம் சூடு பண்ணிச் சாப்பிட்டேன், அதுவும் நன்றாகத்தான் இருந்தது. கிழங்கோ பயறோ, கைக்குக் கிடைப்பதைப் போட்டு மூடுங்கள். மெஷின் பார்த்துக்கொள்ளும்.

குறிப்பேடு:

இரவுப்பணி, உங்கள் கதை அருமை, கடைசிப் பத்தி மட்டும் ஆபத்து. என் விடுதித் தோழன் இப்படித்தான் ராத்திரி முழுக்க வெளியில் கிடந்த சோற்றைக் காலையில் வறுத்துச் சாப்பிட்டான். பரீட்சை எழுத வேண்டியவன் குளியலறைத் தரையில் நெற்றியை வைத்துக் குந்தியிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. என் கதை அவ்வளவுதான். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் இருக்கலாம். சோறு வேகும்போது அவை சாவதில்லை. வெந்த சோறு வெளியிலேயே ஆறிக் கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு சூட்டுக்கு அசையாது. அதனால் 'நன்றாகக் கொதிக்கக் கொதிக்கச் சூடு பண்ணிவிட்டேனே' என்ற சமாதானம் செல்லாது. செய்ய வேண்டியது சின்ன வேலைதான். சாப்பிட்டு முடித்ததும் மிச்சத்தை அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு, அதிகம் போனால் 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஆழமான பாத்திரத்தோடு வைத்தால் நடுப்பகுதி ஆறுவதற்கே நேரமாகும். ஃபிரிட்ஜ் 4 டிகிரிக்குக் கீழே இருக்கட்டும். மறுநாளைக்குள் தீர்த்துவிடுங்கள்.

அரைவேக்காடு, உங்கள் முட்டைக்கும் பதில் இருக்கிறது. வெள்ளைக்கரு 62 டிகிரி வாக்கில் இறுக ஆரம்பித்தாலும், அதில் பெரும்பங்கான புரதம் கெட்டிப்பட 80-ஐ நெருங்க வேண்டும். மஞ்சள்கரு 65-லிருந்து 70-க்குள்ளேயே கெட்டியாகிவிடும். அதனால்தான் எல்லாருக்கும் இந்தத் தகராறு. தீயைச் சிறிதாக்கி, மூடியைத் திறக்காமல் விடுங்கள், மேலே சேரும் ஆவிதான் அதை வேகவைக்கும். அப்புறம், காய்ச்சலில் கிடந்தவருக்கு ஒழுகும் மஞ்சள்கரு கொடுக்கக் கூடாது, சால்மோனெல்லா கிருமி பயம் உண்டு. உங்கள் தோழி 'இன்னும் கொஞ்சம்' என்றது சரியான காரியம்.

இரவுப்பணி:

யோவ், நான் பூண்டைப் பற்றிப் பேசினேன், நீங்கள் கிருமியைப் பற்றிப் பேசுகிறீர்கள். என் குக்கரில் சூடாகவே வைத்திருக்கும் வசதியும் உண்டு, அன்றைக்குத்தான் அணைத்தேன்.

குறிப்பேடு:

அது 60 டிகிரிக்குக் குறையாமல் பிடித்து வைத்தால் எனக்கு வழக்கே இல்லை.

மணல்கடிகாரம்:

'வெங்காயம் பொன்னிறமாகும் வரை வதக்கவும், 10 நிமிடம்.' இப்படி எழுதுகிறவர்களை ஒருநாள் நேரில் பார்க்க வேண்டும்.

தங்கை வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். என்னிடம் வெங்காயமும் ரொட்டியும்தான் இருந்தன. வெங்காய சூப் வைக்கலாம், 10 நிமிடம்தானே என்று தொடங்கினேன். 10 நிமிடம் கழித்துப் பார்த்தால் வெங்காயம் வேர்த்திருக்கிறது, அவ்வளவுதான். வெங்காயத்தில் பெரும்பகுதி தண்ணீர். அது வற்றும் வரை சட்டி 100 டிகிரியைத் தாண்டாது, தாண்டாமல் நிறம் ஏறாது. முக்கால் மணி நேரமாவது ஆகும் என்று தெரிந்திருந்தால் ரொட்டியை மட்டும் சுட்டுக் கொடுத்திருப்பேன்.

நான் கிண்டிக்கொண்டே இருந்தேன். அவள் வாசற்படியில் உட்கார்ந்து முதலில் போனை நோண்டினாள், அப்புறம் பேச ஆரம்பித்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் நிறுத்திவிடுவாள். ஒரு இடத்தில் அவள் சொன்னதைக் கேட்டு என் கை நின்றுவிட்டது. அவளே எழுந்து வந்து, ஒரு டம்ளர் தண்ணீரைச் சட்டியில் ஊற்றி, அடியில் ஒட்டியதைக் கரண்டியால் பரபரவென்று சுரண்டிக்கொண்டே, "அடி பிடிக்குதுண்ணா" என்றாள். சுரண்டச் சுரண்டத் தண்ணீர் முழுக்கப் பழுப்பானது. அதுதான் சூப். அவள் என்ன சொன்னாள் என்பது இங்கே வேண்டாம்.

இப்போது வெங்காயத்தைப் பெரிய சட்டியில் மொத்தமாக வதக்கி, ஐஸ் தட்டில் கட்டிகளாக உறையவைத்து வைத்திருக்கிறேன். ஒரு கட்டி, வெந்நீர், உப்பு, ஒரு துண்டு ரொட்டி, வேலை முடிந்தது. ஆப்ப சோடா போட்டால் சீக்கிரம் நிறம் வரும் என்று யாராவது சொல்ல வருவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். வரும், கூடவே கூழாகவும் ஆகும்.

பூமனம்:

படிக்கப் படிக்க வருத்தமாக இருக்கிறது நண்பர்களே. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சமையலில் வெறுப்பு என்று ஒன்று கிடையாது, பழக்கமின்மைதான். நானும் கல்யாணமான புதிதில் அழுதிருக்கிறேன். ஒருநாள் நான் வைத்த காய்கறி சூப்பைக் கணவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார், அன்றோடு பயம் போயிற்று. முதலில் நல்ல கத்தி ஒன்று வாங்குங்கள், மழுங்கின கத்திதான் பாதி எரிச்சலுக்குக் காரணம். பாட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். வாரக் கடைசியில் உட்கார்ந்து அடுத்த வாரத்துக்கான பட்டியல் போடுங்கள். காய்களைக் கழுவி, துடைத்து, நறுக்கி, டப்பாக்களில் பெயர் எழுதி வையுங்கள். சாப்பிடப் போகிறவர்களின் முகத்தை மனதில் நினைத்துக்கொண்டு கிண்டுங்கள். அன்போடு சமைத்தால் கை தானாக ருசியைக் கண்டுபிடிக்கும். 21 நாள் செய்து பாருங்கள், அப்புறம் நீங்களே அடுப்பை விட்டு நகர மாட்டீர்கள்.

நிழல்மரம்:

டப்பாக்களில் பெயர் எழுதுகிற அளவுக்குப் பொறுமை இருந்தால் நாங்கள் ஏன் இங்கே வருகிறோம்?

என் கதை இரவுப்பணிக்காக. 'பயறு எதுவானாலும் போட்டு மூடு, மெஷின் பார்த்துக்கொள்ளும்' என்பதை ராஜ்மாவிடம் மட்டும் காட்டாதீர்கள். எங்கள் அலுவலகத்தில் ஒருவர், பாவம், நல்ல மனிதர், சமையல் என்றால் ஓடுகிறவர், எல்லாருக்கும் சேர்த்து ராஜ்மா சூப் கொண்டுவந்தார். ஊறப்போட்டதை ராத்திரி அப்படியே ஸ்லோ குக்கரில், அதாவது மணிக்கணக்கில் மெல்லிய சூட்டில் வேகவைக்கும் மின்பானையில், போட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறார். தக்காளி வாசனையும் பூண்டு வாசனையுமாகப் பிரமாதம். நான் கடித்தபோது ஒரு விதை உள்ளே மட்டும் மாவு மாவாக, நறுக்கென்றிருந்தது. அதைத் துப்பலாமா விழுங்கலாமா என்று அவர் முகத்தைப் பார்த்தேன், அவர் என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். விழுங்கினேன். மதியக் கூட்டம் தொடங்குவதற்குள் ஒவ்வொருவராக எழுந்து ஓட ஆரம்பித்துவிட்டோம். மனிதர் அதற்கப்புறம் எதுவும் கொண்டுவருவதில்லை. எனக்கு வயிற்றுவலியைவிட அதுதான் உறுத்துகிறது.

குறிப்பேடு:

ராஜ்மாவில் லெக்டின் வகை நஞ்சு ஒன்று இருக்கிறது. ஸ்லோ குக்கரின் குறைந்த சூட்டில் அது அழியாது, அரைகுறையாகச் சூடுபட்டால் பச்சையைவிட மோசமாகவும் ஆகலாம். 5 மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 10 நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகுதான் ஸ்லோ குக்கர். அரை மணி நேரம் என்றால் இன்னும் நல்லது. டின்னில் வருவது ஏற்கெனவே வெந்தது, அப்படியே போடலாம். சோம்பேறிகளுக்கு டின்தான் சரி, இதைக் குத்தலாகச் சொல்லவில்லை.

ஒற்றைக்கரண்டி:

பூமனம் அக்கா, உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் 'அன்போடு சமைத்தால்' என்பதை என் அம்மாவிடம் சொல்லியிருந்தால் கரண்டியை உங்கள் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போயிருப்பார்.

அம்மாவுக்குச் சமையல் பிடிக்காது. அன்றும் இன்றும். ஊரே தன் அம்மாவின் கைப்பக்குவத்தைப் பற்றிப் பேசும்போது நான் வாயை மூடிக்கொள்வேன். ராத்திரியில் பெரும்பாலும் மசித்த உருளைக்கிழங்கு. ஒரு கையில் வார இதழ், இன்னொரு கையில் மசிக்கிற கட்டை. பக்கத்தைத் திருப்ப வேண்டுமென்றால் கட்டையைக் கிழங்கில் செங்குத்தாக நட்டுவைத்துவிட்டு, நக்கின விரலால் திருப்புவார். கட்டை மெதுவாகச் சாயும், விழுவதற்குள் பிடித்துவிடுவார். பார்க்காமலேயே. நானும் தம்பியும் இன்றைக்கு விழுமா விழாதா என்று பந்தயம் கட்டுவோம். ஒரு நாளும் விழவில்லை.

அப்புறம் சூடான பால், வெண்ணெய், உப்பு. கட்டி கட்டியாகத்தான் இருக்கும். ஒரே பாத்திரம், மூன்று ஸ்பூன், தட்டு கிடையாது, கழுவ யார் இருக்கிறார்கள் என்பார். அதில் அன்பு இருந்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பசி அடங்கியது, பக்கத்தில் அவர் இருந்தார், யாரையும் யாரும் 'எப்படி இருக்கு' என்று கேட்கவில்லை. போன மாதம் ஒரு நல்ல உணவகத்தில் இதையே மழமழவென்று கொண்டுவந்து வைத்தார்கள். பாதியிலேயே ஸ்பூனை வைத்துவிட்டேன்.

அரைவேக்காடு:

அந்தக் கட்டை சாய்கிற இடத்தில் சிரித்துவிட்டேன். மிக்ஸியில் அடித்தால் வேலை சுலபமில்லையா?

ஒற்றைக்கரண்டி:

அடித்துப் பார்த்தாயிற்று. மாவுச்சத்து வெளியே வந்து பசையாகிவிடும், போஸ்டர் ஒட்டலாம். கட்டைதான் சரி.

பூமனம்:

தம்பி, அம்மாவிடமே முறையாகக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளலாமே. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, ஒவ்வொன்றாக...

ஒற்றைக்கரண்டி:

கேட்டேன் அக்கா. "கிழங்கை வேகவை, மசி. இதுக்கா போன் பண்ணே?" பச்சைத் தண்ணீரில் போட வேண்டுமா, கொதிக்கும்போதா என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

குறிப்பேடு:

பச்சைத் தண்ணீரில். உப்பையும் அப்போதே போடுங்கள். கொதிக்கும்போது போட்டால் உள்ளே வேகுமுன் வெளிப்புறம் கரைந்துவிடும்.